படத்துக்கு ஒரு போர்வை

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் துறுதுறு. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை ஆடும். நிவாரணத் தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அண்ணன் கேட்டான்: "சும்மா இருக்கறதுக்கும் அடையாள அட்டை குடுக்கறாங்களா?" ஒழுங்காக நடந்துகொண்டால் நிரந்தர வேலை என்று இயக்குநர் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு நாளும் அலுவலகத்துக்கும் டீக்கடைக்கும் நடந்தாள்.

வெள்ளம் வந்தது. பாதி ஊர் ஈரத்துணியோடு பள்ளிக்கூடத்தில் ஒண்டியது. நிறுவனம் லாரி நிறையப் போர்வையோடு போய் இறங்கியது. ஆட்கள் இறங்கினார்கள்; போர்வை இறங்கவில்லை. சிறப்பு விருந்தினர் மாலையில் வந்து தொடங்கிவைக்க வேண்டுமாம். ஆனால் படங்கள் இப்போதே வலைத்தளத்தில் ஏற வேண்டும். ஆகவே ஒரே ஒரு போர்வை வெளியே வந்தது.

"நான் குடுப்பேன், இவர் படம் எடுப்பார், நீ பக்குவமா திரும்ப வாங்கிடணும்மா," என்றார் இயக்குநர், கேமராக்காரரைக் காட்டி.

ஒரு பெரியவர் பெற்றார், சிரித்தார், இழந்தார். அடுத்தவரும் அப்படியே. "சாயங்காலம் கண்டிப்பா கிடைக்கும்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டது.

கைக்குழந்தைக்காரி ஒருத்தி, வாங்கிய வேகத்தில் பிள்ளையைப் போர்வையில் சுருட்டிவிட்டாள்.

"அக்கா, அது படத்துக்கு மட்டும்."

"குளிர் படத்துக்கு மட்டும் இல்லையேம்மா."

துறுதுறுவின் கை நீண்டது. பிள்ளையின் பாதம் பட்டது. குழாய்த் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது. நிரந்தர வேலை ஒரு கணம் கண்முன் வந்து நின்றது. வெறுங்கையோடு திரும்பினாள்.

"தர மாட்டேங்கறாங்க சார்."

"பிடுங்க வேண்டியதுதானே?"

"கேமரா பார்த்துட்டு இருக்கு சார்."

இயக்குநர் உடனே புன்னகையைச் சரிசெய்துகொண்டார். லாரியிலிருந்து இன்னொன்று வந்தது. அதுவும் திரும்பவில்லை. அவள் ஓடாத ஓட்டமில்லை; எப்போதும் போர்வை போன திசைக்கு எதிர்த்திசையில் ஓடினாள்.

கேமராக்காரர் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "சார், இந்த வெளிச்சத்துல உங்க முகம் அம்சமா இருக்கு. இன்னும் ஒண்ணு."

இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று லாரி காலியானது.

மாலையில் சிறப்பு விருந்தினர் வந்து கையை நீட்டினார். கொடுக்க ஒன்றுமில்லை. இயக்குநர் துறுதுறு பக்கம் குனிந்தார். "எங்கேயாவது ஒண்ணு வாங்கிட்டு வாம்மா."

துறுதுறு போய்க் கேட்டதும் கைக்குழந்தைக்காரி யோசித்தாள். "தர்றேன். ஆனா உங்க ஆளுங்க வழக்கம் எனக்குத் தெரியும். நானும் கூட வர்றேன்."

விருந்தினர் ஒரு நுனியைப் பிடித்தார். கைக்குழந்தைக்காரி மறுநுனியை விடவேயில்லை. படம் பிரமாதமாக வந்தது. விருந்தினர் காரேறினார், தன் நுனியை இயக்குநர் கையில் திணித்துவிட்டு.

"முடிஞ்சுதுல்ல சார்? குடுங்க, புள்ளை முழிச்சுக்கும்."

இயக்குநர் கொடுத்தார். திரும்ப வாங்காமல் கொடுத்துப் பழக்கமில்லாததால் கை சற்றுத் தயங்கியது. பிறகு துறுதுறு பக்கம் திரும்பினார்.

"நாளையிலேருந்து வர வேண்டாம். அட்டையைக் குடு."

கழற்றி நீட்டினாள். அதை வாங்கும்போது அவர் கை தயங்கவில்லை. கேமராக்காரர், பழக்கதோஷத்தில், அதையும் ஒரு படம் எடுத்தார்.