மூன்றாம் மாடிக்கு வந்த வண்டி

புதன்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில், பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் மைக் அக்காவின் வீட்டு வாசலில், மூன்றாம் மாடி நடைவழியில், சாம்பல் நிறச் சின்னக் கார் ஒன்று எஞ்சின் ஓடியபடி நின்றுகொண்டிருந்தது. அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மாடிப்படி எவ்வளவு குறுகல் என்பது தெருவுக்கே தெரியும். அக்கா குடும்பம் குடிவந்த அன்று கட்டிலை அதில் ஏற்ற முடியாமல் கயிறு கட்டி ஜன்னல் வழியாகத் தூக்கினார்கள். ஒரு கால் உடைந்தது, இன்றைக்கும் அந்த மூலைக்குச் செங்கல்தான் முட்டு. அந்தப் படியில்தான் கார் ஏறி வந்திருந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை. வாசல் செருப்புகள் ஜோடி கலையாமல் கிடந்தன. சத்தம் கேட்டு மேலே வந்த இரண்டாம் மாடி டியூஷன் டீச்சர் அதைப் பார்த்து வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. திறந்த வாய் சாயங்காலம்தான் மூடியது என்று தெருவில் சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. மத்தியானச் சாப்பாட்டுக்கே மூடிவிட்டார்.

அந்தக் காரை வாங்கின கதையைச் சொல்லாமல் இதைச் சொன்னால் புளுகு என்பார்கள். அதனால் அதையும் சொல்லிவிடுவது நல்லது.

மைக் அக்காவுக்கு ஒரே பெண். ஏழு வயது, வாய் ஓயாது, அதனால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். ரேடியோவுக்கு மூச்சிழுப்பு உண்டு. வந்துவிட்டால் பேச்சு நின்றுபோகும். அந்த வீட்டில் அமைதியைப் போலப் பயங்கரமானது வேறு எதுவுமில்லை. மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அப்படித்தான் அமைதியானாள். வாயில் அடிக்கும் மருந்து கேட்கவில்லை, உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அக்கா வாடகைக் காருக்குப் போன் செய்தார். "இதோ வந்துட்டேம்மா, தெருமுனையிலதான் இருக்கேன்" என்றான் டிரைவர். மறுபடி போன் செய்தபோதும் தெருமுனையில்தான் இருந்தான். அந்தக் குரலில் குற்ற உணர்ச்சியும் இல்லை, அவசரமும் இல்லை. கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசித்த அக்காவுக்குப் பகீரென்றது. அது, அவர் தினமும் மைக்கில் பேசும் அதே குரல்தான்.

பஸ் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி எங்கே நிற்கிறது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாவிட்டாலும், அதை மைக்கில் சொல்லக்கூடாது. சொன்னால் கூட்டம் அலுவலகத்துக்குள் நுழைந்துவிடும். "பயணிகள் கவனத்திற்கு, உங்கள் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்" என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனையோ வருஷமாக அக்கா அதைத் தேன் ஒழுகச் சொல்லிவந்தார். பஸ் கிளம்பியே இருக்காது. ஜனங்கள் அந்தக் குரலை நம்பி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்பார்கள். அக்கா அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. அன்றைக்கு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடி, நடுரோட்டில் நின்று, ரொட்டி வண்டி ஒன்றை மறித்து ஏறியபோது வருந்தினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பூசி மெழுகவில்லை. "இன்னொரு தடவை இவ்வளவு லேட்டா கொண்டு வந்தீங்கன்னா, என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

அதனால் கார். புதுசு வாங்கக் கையில் தெம்பில்லை; பழசுதான், அதிலும் சின்னதுதான். அக்காவின் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அளந்து பார்க்காத எதையும் நம்பமாட்டார். மனைவியின் அன்பைக்கூட ஒரு வருஷம் சோதித்துப் பார்த்துத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தார் என்று அக்காவே கேலி செய்வார். அவர் எந்த வண்டி எவ்வளவு பெட்ரோல் குடிக்கும், எதற்கு உதிரி பாகம் சல்லிசாகக் கிடைக்கும் என்று வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார். அக்காவின் அண்ணன் துணைக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு எல்லாம் தெரிஞ்சவர் என்று பட்டப்பெயர், அதைப் பாராட்டு என்றே அவர் நினைத்திருந்தார். மாப்பிள்ளை பெட்ரோல் செலவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், மறுபடி விற்றால் என்ன விலை போகும் என்று இவர் ஒன்பது வார்த்தை சொல்வார். சிவப்பு வாங்கு, சிவப்புக்குத்தான் கிராக்கி என்பது அவருடைய முடிவு.

பழைய கார் விற்கும் முற்றம் ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே நின்ற அத்தனை வண்டியையும் ஏதோ ஒரு டாக்டர், ஒரே டாக்டர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டியிருந்தார். முற்றக்காரர் அப்படித்தான் சொன்னார். ஒரு நீல வண்டியில் கால்மிதியைத் தூக்கினால் அடியில் வண்டல் மண், வெள்ளத்தில் நின்றது. இன்னொன்று சாவி போட்டதும் கிளம்பியது, ஆனால் அக்கா பானெட்டில் கை வைத்தால் சுட்டது. இவர்கள் வருவதற்கு முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். சிவப்பு வண்டி பார்க்க மணப்பெண் மாதிரி இருந்தது, பின்னால் புகை அடுப்பங்கரை மாதிரி வந்தது. அண்ணன் அதையே சுற்றிச் சுற்றி வந்தார். அக்கா ஒவ்வொரு வண்டியிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: வேண்டிய நேரத்துக்கு வருமா? முற்றக்காரர் ஒவ்வொன்றுக்கும் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார்.

ஆண்கள் இருவரும் சிவப்பு வண்டியைப் பற்றித் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருக்க, அக்கா வெறுத்துப்போய் முற்றத்தின் பின்பக்கம் போனார். முற்றக்காரரும் விடாமல் கூடவே நடந்தார். அங்கே மதிலோரம், இரண்டு வேன்களுக்கு நடுவில் ஒரு சாம்பல் நிறச் சின்னக் கார் சிக்கிக்கொண்டிருந்தது. ஒரு கதவு மட்டும் வேறு நிறம். சக்கரத்தில் சிலந்தி வலை. அதில் பேட்டரியே இல்லை, அது விற்பதற்கில்லை, உடைக்கப் போகிறது என்றார் முற்றக்காரர். அவர் முதன்முதலாகச் சொன்ன உண்மை அதுதான். அக்காவுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று அவருக்கே தெரியாது. எரிச்சலில், அந்த ஆளைக் கிண்டல் செய்வதற்காகவே, தொண்டையைச் செருமிக்கொண்டு தொழில் குரலில் சொன்னார்: "பயணிகள் கவனத்திற்கு, உங்கள் வண்டி இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்."

வண்டி வந்தது. வேன்கள் நகரவில்லை, இடைவெளி அகலமாகவில்லை. அது எப்படி வெளியே வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேராலும் கடைசிவரை சொல்ல முடியவில்லை. வந்து அக்காவின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அக்கா குனிந்து ஓட்டுநர் சீட்டைப் பார்த்தார், அதில் யாருமில்லை. முற்றக்காரர் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, கையிலிருந்த டீயைத் தன் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார், சூடு உறைக்கவில்லை. எழுந்ததும் முதல் காரியமாக, விற்பதற்கில்லை என்ற வண்டிக்குப் பெரிய விலையாகச் சொன்னார். அந்தப் பழக்கம் பயத்திலும் அவரை விடவில்லை. பிறகு வண்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, பாதியாகக் குறைத்தார், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்.

அக்கா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். தான் பார்த்ததைத் தானே நம்பாதபோது பிறரிடம் என்ன சொல்வது? இந்த வண்டிதான் வேண்டும் என்று மட்டும் ஒற்றைக்காலில் நின்றார். அண்ணன் தலையிலடித்துக்கொண்டு, இதை வாங்கினால் உன் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று சபதம் செய்து, அந்த வாரமே வந்து சாப்பிட்டார். கண்ணாடிக்காரர் புது பேட்டரி போட்டு, ஆயில் மாற்றி, வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். ஓடியது. சாதாரணமான வண்டி சாதாரணமாக ஓடியது. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. இரண்டு தரம் கற்றுக்கொள்ளப் போய், இரண்டு தரமும் ஒரே வீட்டு மதிலில் இடித்ததோடு விட்டுவிட்டார். முற்றத்தில் நடந்ததை ஏதோ வெயில் மயக்கம் என்று மெல்ல மறந்துகொண்டும் வந்தார்.

அப்புறம் அந்தப் புதன்கிழமை. காலையில் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்த ரேடியோ பாதி வாக்கியத்தில் நின்றாள். அக்கா சமையலறையிலிருந்து அந்த அமைதியைக் கேட்டார். ஓடி வந்தால், குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நெஞ்செலும்பு உள்வாங்க மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. மருந்து கேட்கவில்லை. கணவருக்குப் போன் செய்தார், தேய்க்கும் இயந்திரத்தின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. கார் ஊரின் மறுகோடியில் கடை வாசலில், பூட்டி, சாவி அவர் சட்டைப் பையில். ஆம்புலன்ஸ் எண்ணில் ஒரு பெண் குரல் அன்பாகச் சொன்னது, இன்னும் சற்று நேரத்தில் என்று. அக்கா போனைச் சுவரில் வீசியடித்தார். ஜன்னலைத் திறந்தார். அத்தனை வருஷமாக வராத வண்டிகளுக்கெல்லாம் கொடுத்த அந்தக் குரலை, மைக் இல்லாமல், நெஞ்சு வெடிக்க, முதல் தடவையாக மனசார, தெருவை நோக்கி விட்டார். "பயணிகள் கவனத்திற்கு. வண்டி இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும். வந்து சேரும்."

கடை வாசலில் கண்ணாடிக்காரர் டீ குடிக்க வெளியே வந்த நேரம் அது. தன் கார் தானாக வரிசையிலிருந்து விலகி, திருப்பத்தில் விளக்குப் போட்டு, முறையாகத் திரும்பிப் போவதைப் பார்த்தார். கையை நீட்டி நின்றவர், சாவி தன் சட்டைப் பையில்தான் இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தார். நாற்சந்திப் போலீஸ்காரர் ஓட்டுநர் இல்லாத வண்டி ஒன்று சிவப்பு விளக்கில் நிற்காமல் போனதாகப் பிற்பாடு சொன்னார். யாருக்கு அபராதம் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். அக்கா ஜன்னலை விட்டுத் திரும்புவதற்குள் மாடிப்படியில் எஞ்சின் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் வாசலில் வண்டி, பின்கதவு திறந்திருந்தது.  வியப்பதற்கு நேரமில்லை. மகளை மடியில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறி, ஆஸ்பத்திரியின் பெயரை அறிவித்தார். வண்டி வந்த வழியே இறங்கிப் போனது.

டாக்டர் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க என்றார். எதில் வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. உள்ளே ரேடியோ பலவீனமான குரலில், விட்ட வாக்கியத்தைத் தொடர்ந்தாள். அக்கா வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

தெரு ஒரு வாரம் அதிர்ந்துபோயிருந்தது. படியை அளந்தார்கள், காரை அளந்தார்கள், கண்ணாடிக்காரர் தன் கையால் மூன்று தரம் அளந்தார், கார்தான் அகலம். எல்லாம் தெரிஞ்சவர் வந்து பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக, தெரியலையே என்றார். பிறகு குடியிருப்போர் கூடிப் பேசி, நடைவழியில் வண்டி நிறுத்தக்கூடாது, அவசரம் என்றால் மட்டும் பரவாயில்லை என்று முடிவு செய்தார்கள். படியில் சிந்திய எண்ணெயை அக்கா துடைத்துக் கொடுத்தார். பஸ் நிலையத்தில் அவர் அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்லவே இல்லை. வண்டி எப்போது வரும் என்று தெரியவில்லை என்று மைக்கில் சொன்ன முதல் நாள், மொத்தக் கூட்டமும் திகைத்து ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தது. மேலாளர் கூப்பிட்டுக் கத்தினார். அக்கா அசையவில்லை. நாளடைவில் ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று, தெரியவில்லை என்றால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

வண்டி அதன் பிறகு சில தடவை மாடி ஏறியது. பருவத்துக்கு வந்த ரேடியோவுக்கு அது பெரிய மானக்கேடு. தோழிகள் யாரையும் வீட்டுக்குக் கூட்டி வரமாட்டாள். பிறகு அவளுக்கு இழுப்பு விட்டுப்போனது, படித்தாள், வெளியூரில் வேலைக்குப் போனாள். காரின் எஞ்சின் இறுகிவிட்டது. கண்ணாடிக்காரர் அதைக் காயலான் கடைக்குக் கொடுத்தார், அங்கே சக்கரத்தையும் சீட்டையும் கதவுகளையும் எஞ்சினையும் கழற்றி விற்றார்கள், வெறும் கூடு மட்டும் அங்கே துருப்பிடித்துக் கிடந்தது. அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்து அறுத்தெடுத்ததில், உயிர் பிழைத்தது, குரல் போனது. அதன் பிறகு அவர் கையால் பேசினார்.

ரேடியோ விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மத்தியானம், அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். உதடு நீலமானது. ரேடியோ போன் செய்தாள். "இதோ, தெருமுனையிலதான் இருக்கேன் மேடம்" என்றது போன். அக்கா மகளின் வாயைத் தொட்டு, ஜன்னலைக் காட்டினார். ரேடியோவுக்குப் புரிந்தது. புரிந்ததும் அழுகை வந்தது.

"அம்மா, அது வெறும் தகரம்மா. எஞ்சினே இல்லம்மா அதுல" என்றாள்.

அக்கா மறுபடியும் ஜன்னலைக் காட்டினார்.

வாழ்நாளெல்லாம் வாய் ஓயாதவளுக்கு அன்று குரல் எழும்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் முயன்றாள். மூன்றாம் தரம், தாலாட்டுக்குப் பதிலாகக் கேட்டு வளர்ந்த அதே சொற்களை, அதே இழுவையில், அம்மாவின் தேன் குரலில் சொன்னாள். தெருவில் போனவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் மனைவியின் கையைப் பிடித்தபடி, இத்தனை வருஷம் கேட்காத குரலைக் கேட்டுக் குலுங்கி அழுதார்.

கொஞ்ச நேரத்தில் கீழே படிக்கட்டில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. இரண்டாம் மாடியில், தலை முழுக்க வெளுத்துப்போன டியூஷன் டீச்சர் பாடத்தை நிறுத்தி, பிள்ளைகளை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து, வழியில் கிடந்த செருப்புகளைக் காலால் ஓரமாக ஒதுக்கி வைத்தார்.