இருட்டில் ஓடிய விளம்பரம்

கம்பியூட்டருக்கு மின்சாரம் மூச்சு மாதிரி. ஒரு நொடி நின்றாலும் அதுவரை செய்த வேலை காற்றோடு போய்விடும். அந்த நொடியைத் தாங்கிப் பிடிக்கத்தான் யூபிஎஸ் பெட்டி. கரன்ட் இருக்கும்போது உள்ளே இருக்கும் பெட்டரி வயிறு நிறையக் குடித்துக்கொள்ளும். கரன்ட் போனதும் குடித்ததைத் திருப்பித் தரும். கண்டிப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் மர்சூக்கின் பட்டறையில் அந்தப் பெட்டியைச் செய்பவன் கிருஷ்ணராஜ். உள்ளே போகும் மின்மாற்றிக்குக் கம்பி சுற்றுபவள், மடுல்கெல்லையிலிருந்து பஸ்ஸில் வரும் நிரோஷினி.

பெட்டரி மட்டும் கப்பலில் வரவேண்டும். இடிகாலத்துக்கு முன் பெட்டரி இறக்க வைத்திருந்த பணத்தை அப்படியே எடுத்து மர்சூக் டிவி விளம்பரத்துக்குக் கட்டிவிட்டார். ஒரு மாதம், தினமும் பின்னேரம், நாடகத்துக்கு நடுவில்.

“நானா, பெட்டரி இல்லாத பெட்டிய வச்சு என்ன பண்றது?” என்று மர்சூக் நானாவிடம் கேட்டான் கிருஷ்ணராஜ்.

“கொழும்புக் கொம்பனிக்காரன்ட பேர் நாட்டுக்கே தெரியும் ராஜ். எங்கட பேர் எங்கட வீட்டுக்கே தெரியாது. ஆர்டர் வரட்டும், முற்பணத்துல பெட்டரி எறக்குவம்.”

முதல் நாள் பின்னேரம் மூவரும் பட்டறை டிவியின் முன் நின்றார்கள். நாடகம் தொடங்கியதும் ஹந்தானை மலைப் பக்கம் வானம் உறுமியது. பட்டென்று கரன்ட் போனது.

“யா அல்லாஹ், இப்பவா!”

பட்டறையில் பழைய பெட்டரி மிஞ்சியிருந்த ஒரே யூபிஎஸ் பெட்டியில் கிருஷ்ணராஜ் டிவியை மாட்டினான். பெட்டி ‘பீப்’ என்றது, படம் வந்தது, விளம்பரமும் வந்தது. மர்சூக் கைதட்டினார்.

“பாத்தீங்களா எங்கட சாமான்ட வேலய!”

நிரோஷினி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு விளக்குக்கூட இல்லை.

“அண்ணே, நம்மளத் தவிர இத வேற யாரு பாக்குறா?”

அவள் கேட்டபோதுதான் கிருஷ்ணராஜுக்கு உறைத்தது. இந்தப் பருவத்தில் மலைப்பக்கம் இடி பின்னேரம்தான் இறங்கும். மின்கம்பி அறும், கிளை முறியும். பெட்டி தேவைப்படுகிற வீட்டில் அந்த நேரம் டிவியும் செத்துக் கிடக்கும். பசித்தவன் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துப் பந்தி போட்ட கதை. மறுநாள் நேரத்தை மாற்றிக் கேட்டார்கள். ஒப்பந்தம் முடியும்வரை முடியாது என்றது டிவி நிலையம்.

மூன்றாவது வாரம் தெல்தெனியவில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் அமான் போனில் கூப்பிட்டான். மர்சூக் ஸ்பீக்கரில் போட்டார்.

“நானா, இடி இங்க கம்பியூட்டரயெல்லாம் பொசுக்கிட்டு. நாப்பது பெட்டி உடனே அனுப்புங்க.”

“விளம்பரம் பாத்தீங்களா தம்பி?”

“என்ன விளம்பரம்? பின்னேரத்துல இங்க கரன்ட் எங்க ஈக்கி? போன வருஷம் நீங்க தந்ததுல ஒண்டும் திரும்பி வரல்ல. அதான் கேக்கிறன்.”

மர்சூக் சுவரோரம் அடுக்கியிருந்த வெற்றுப் பெட்டிகளைப் பார்த்தார். “கொஞ்சம் முற்பணம் தந்தா...”

“புதுசா என்ன நானா? வித்துட்டுத்தானே எப்பவும் தாறம்! இல்லாட்டிச் சொல்லுங்க, கொழும்புல எடுக்கிறன்.”

விற்ற பிறகு காசு என்பதுதான் கண்டிப் பக்கத்து வழக்கம். மர்சூக்கும் காலமெல்லாம் அப்படித்தான் கொடுத்துவந்தார். டிவியில் பேர் வந்தால் அந்த வழக்கம் மாறிவிடும் என்று நம்பியதுதான் அவர் செய்த பிழை.

“கொழும்புலயே எடுங்க தம்பி,” என்று போனை வைத்தார்.

நிரோஷினியின் கம்பி சுற்றும் மெஷின் நின்றிருந்தது. “அண்ணே, நாளைக்கு வரட்டா?” என்றாள் நிரோஷினி.

கிருஷ்ணராஜ் மர்சூக்கைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வேணாம்மா. பெட்டரி வந்தா கூப்பிடுறேன்.”

இன்றைக்கே பணம் கட்டினாலும் கப்பல் வருவதற்குள் இடிகாலம் முடிந்துவிடும். அது அவளுக்கும் தெரியும்.

“சரிண்ணே. இந்த ஒண்ணு பாதியில நிக்குது, முடிச்சு வச்சிட்டுப் போறேன்,” என்று மறுபடி மெஷினை ஓடவிட்டாள்.