சனிக்கிழமை பெருக்கிய வாசல்

பதினாறு வயது எகோன் நாட்டைக் காக்கவே பிறந்தவன். அப்படி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது வேறு யாருமல்ல, அவனேதான். இளைஞர் அணியில் கொடி பிடித்துப் பாடும்போது அவன் தொண்டை மற்ற எல்லாத் தொண்டைகளையும் அமுக்கிவிடும். நாற்பத்தைந்து ஏப்ரலில், நாடு போரில் தோற்கும் தறுவாயில், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் தாள் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளி மைதானத்துக்கு வர வேண்டும். கம்பளி, தட்டு, கரண்டி கொண்டுவர வேண்டும். அதே நாள் பிரெஞ்சு டாங்கிகள் முப்பது கிலோமீட்டரில் நிற்பதாகவும் செய்தி வந்தது. நாட்டைக் காக்கும் ஆசை அன்றே அவனை விட்டு ஓடிவிட்டது.

செருப்புத் தைக்கிறவர் மகன் வெண்டலின் அவன் வகுப்புத் தோழன். கொடிப் பாட்டில் வாயை மட்டும் அசைக்கிறவன். அவன்தான் வழி சொன்னான்.

"எங்க மாமாவோட ஆட்டுக் கொட்டகை மேட்டுல சும்மா கிடக்கு. ரெண்டு மூணு நாள் பதுங்கினா போதும், பிரெஞ்சுக்காரன் வந்துடுவான்."

"மாட்டினா?"

"மாட்டினா தெரியாதா? பக்கத்து ஊர்ல போன வாரம் பாத்தியே."

பார்த்திருந்தான். அங்கே லிண்டன் மரத்தில், பட்டாளத்துக்குப் போகாமல் ஒளிந்த ஒரு பையன் தொங்கினான். கோழை என்று எழுதிய அட்டை கழுத்தில். அவனுக்கும் பதினாறு வயதுதான்.

வியாழன் மாலை இருவரும் மேடேறினார்கள். எகோன் மூட்டையை அவிழ்த்ததும் வெண்டலின் தலையில் அடித்துக்கொண்டான். உள்ளே கம்பளி, தட்டு, கரண்டி. ரொட்டி இல்லை.

"பட்டாளத்துக்குப் போகாம ஓடி வரோம். அவன் கேட்ட சாமானை எதுக்குடா கட்டிக்கிட்டு வந்தே?"

"தாள்ல போட்டிருந்துது," என்றான் எகோன். சொன்ன பிறகுதான் தன் புத்தி அவனுக்கே உறைத்தது.

வெள்ளிக்கிழமை வைக்கோலுக்குள் கழிந்தது. சனிக்கிழமை மதியம், இரவெல்லாம் காவல் இருந்த வெண்டலின் தூங்கிக்கொண்டிருந்தான். எகோன் பலகை இடுக்கு வழியாகக் கீழே ஊரைப் பார்த்தான். பீரங்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, ஊர்ப் பெண்கள் அவரவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை வாசல் பெருக்காத வீட்டை அந்த ஊர் மன்னிக்காது. எதிரி வந்தாலும் சுத்தமான தெருவில்தான் வரவேண்டும். எகோனுக்குக் கை அரித்தது. கொட்டகை வாசலில் ஆட்டுப் புழுக்கையும் பழைய வைக்கோலும் அலங்கோலமாகக் கிடந்தன. மூலையில் ஒரு துடைப்பம் இருந்தது. இதற்கு மேல் அவனிடம் காரணம் கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. சுவரோரம் தொடங்கி பாதை வரைக்கும் பெருக்கினான். புழுக்கையை ஒரு குவியல், வைக்கோலை ஒரு குவியல் என்று பிரித்தும் வைத்தான்.

வெண்டலின் கண் விழித்து வாசலைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"ஆளே இல்லாத கொட்டகைடா இது. வாசல் மட்டும் தானா பெருக்கிக்கிச்சா?"

"கலைச்சுடறேன்."

கலைக்கத்தான் பார்த்தான். வைக்கோலை அள்ளி அள்ளி வீசினான். வீசியது கூடப் பாய் விரித்த மாதிரி சமமாக விழுந்தது. அதற்குள் மேட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிள் உறுமியது. இருவரும் வைக்கோல் போருக்குள் புகுந்தார்கள்.

வந்தவர் ராணுவப் போலீஸ்காரர். நரைத்த மீசை, மார்பில் தொங்கும் தகடு. வண்டியை நிறுத்திவிட்டு வாசலை வெகு நேரம் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நம்ம ஊர்ப் பையன்தான். என் பொண்டாட்டியும் இந்நேரம் பெருக்கிக்கிட்டுத்தான் இருப்பா. வெளிய வாடா தம்பி. சுட்டுட்டுத் தேடுற வேலையை எனக்கு வெக்காத."

எகோன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் வைக்கோல் சரசரத்தது. வெண்டலின் எழுந்து போய்விட்டான்.

"நான்தான் பெருக்கினேன்," என்ற குரல் கேட்டது.

"தனியாவா?"

"தனியாத்தான்."

"கயிறெல்லாம் கொண்டு வரல. முன்னணியில ஆள் இல்ல, வண்டியில ஏறு."

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. நூறு எண்ணிவிட்டு வெளியே வரலாம் என்று எகோன் எண்ணத் தொடங்கினான். நூறு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான். திங்கட்கிழமை டாங்கிகள் ஊருக்குள் வந்த பிறகுதான் அந்த மாவீரன் மேட்டை விட்டு இறங்கினான்.

மூன்றாம் நாளே வெண்டலின் பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டு, போர்க் கைதியாக நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனான். மூன்று வருடம். அத்தனை நாளும் ஞாயிறு தவறாமல் அவன் அம்மா எகோனைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள். எதற்கென்று அவன் கேட்கவில்லை, வெட்கமில்லாமல் சாப்பிட்டான். துடைப்பக் கதையைச் சாராயக்கடையில் சொல்லி ஊரையும் சிரிக்க வைத்தான். வெண்டலினுக்காக ஒரு வாக்கியமும் தயார் செய்தான்: "நான் வெளிய வரத்தான் இருந்தேன், அதுக்குள்ள வண்டி போயிடுச்சு."

நாற்பத்தெட்டில் வெண்டலின் திரும்பி வந்தான். இளைத்துப் பாதி உடம்பாகத்தான் வந்திருந்தான். அம்மா இருவருக்கும் பருப்பு சூப்பை ஊற்றி வைத்துவிட்டு ரொட்டி எடுக்கப் போனாள். எகோன் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான்.

"அன்னிக்கு வழியெல்லாம் ஒரே பயம்டா எனக்கு. நீ பின்னாடியே ஓடி வந்து, நானும் இருக்கேன்னு நின்னுடுவியோன்னு. நீ அந்த மாதிரி ஆளுதானே."

தயார் செய்த வாக்கியத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எகோனுக்கு அழுகை முட்டியது.

"நான் அசையவே இல்லடா. நீ போனதும், அப்பாடா, என்னை விட்டுட்டான்னுதான் தோணிச்சு."

வெண்டலின் கரண்டியைக் கீழே வைத்தான். சமையலறைக் கதவை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மாகிட்ட இதைச் சொல்லிடாத," என்றான். "என்னைக் காப்பாத்த நீ பின்னாலேயே ஓடி வந்தேன்னு சுரங்கத்துலேர்ந்து அவளுக்குக் கடுதாசி எழுதியிருந்தேன்."