நாற்பதாவது நிமிடத்து முகம்

அந்தத் தெருவில் அவளுக்கு லைட்டம்மா என்று பேர். மனிதர்களின் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவள். ஆனால் பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்னால் விளக்கோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டாமல் அவளுக்கு ஆகாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, இடது பக்கம் உயரத்தில் ஒரே ஒரு விளக்கு, அதன் கால்கள் நிற்கவேண்டிய இடத்தில் தரையில் சாக்பீஸ் குறி. நாற்காலியில் இருப்பவரின் மூக்கு நிழல் உதட்டோரத்தைத் தொட்டும் தொடாமலும் விழவேண்டும். ஒரு விரல் தள்ளி விழுந்தால் போச்சு, அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். தெருமுனை போட்டோ ஸ்டூடியோக்காரர் இரண்டு பக்கமும் விளக்கைப் போட்டு வருகிறவர்களையெல்லாம் ஒரே அச்சாக எடுத்துத் தள்ளுவார். அவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அவரா? சுவத்துக்கு வெள்ளையடிக்கிறாரு" என்பாள்.

நடிப்பும் அவளுக்குப் பிடிக்காது. நாற்காலியில் உட்கார்ந்த எல்லாரும் முதலில் நடிக்கத்தான் செய்வார்கள். பத்து நிமிடத்துக்கு மாப்பிள்ளைச் சிரிப்பு இருக்கும். அப்புறம் கழுத்து வலிக்கும், சிரிப்பு சலிக்கும், இவள் வேறு வாயைத் திறக்கமாட்டாள். நாற்பதாவது நிமிடம் வாக்கில் போட்டதெல்லாம் உதிர்ந்து ஒரு முகம் வரும். அதைத்தான் அவள் வரைவாள். ஊரையே அதட்டி வைத்திருந்த போலீஸ் அதிகாரி ஒருவர் அந்த நிமிடத்தில் கண்கலங்கியிருக்கிறார். அந்த முகம் பொய் சொல்லாது என்று இருபத்திரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். நம்பிக்கை என்ன நம்பிக்கை, கர்வம் என்றே சொல்லிவிடலாம்.

இத்தனை பேரை வரைந்தவள் கட்டின புருஷனை மட்டும் வரைந்ததில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வகுப்பிலும் சரி, வீட்டிலும் சரி, வாய் ஓயாத மனுஷன். "நான் பத்து நிமிஷம் சும்மா இருந்தா அப்புறம் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடணும்" என்று அவரே சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது என்றதும் இவளுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பிடித்து உட்காரவைத்தாள்.

முதலில் அவர் இரண்டு ஜோக் சொன்னார். பிறகு இவள் அதட்டியதும் அடங்கினார். நாற்பது நிமிடம் ஆயிற்று. விளக்குக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்து அவள் கை நின்றுவிட்டது. அதில் ஒன்றுமே இல்லை. கோபம், களைப்பு, பிரியம், எதுவும் இல்லை. ஷட்டரை இறக்கிவிட்ட கடை மாதிரி இருந்தது. கண் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு விளக்கை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். அதற்கடுத்த வாரம் எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டையை நிறுத்தி நிழலைக் குறைத்தாள். கறுப்புத் துணியைக்கூட அவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். தலைகீழாக நின்று பார்த்தும் அதே முகம்தான். மற்றவர்களுடைய பொய் உதிர்ந்து உண்மை வருகிற இடத்தில், தன் புருஷனுக்குத் தன்மேல் ஒன்றுமே இல்லை என்றுதானே வருகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காரணமும் கையோடு கிடைத்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியூரில் அவருக்குத் தலைமை ஆசிரியர் பதவி வந்தது. தன் ஸ்டூடியோவை விட்டு எங்கும் வரமுடியாது என்று இவள் ஒரே பிடியாக நின்றாள். "நமக்கெதுக்கு அந்த நாற்காலி, தூக்கம் வரும்" என்று அவர் சிரித்துக்கொண்டே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். சிரித்தாரா, மென்று முழுங்கினாரா? அதற்கப்புறம்தானே மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனார். பேச்சுக்கூடத் தணிந்துவிட்டது. இவளுக்கு இப்போது எல்லாம் கணக்காகப் பொருந்தியது.

வீட்டில் பனிப்போர் ஆரம்பமாயிற்று. ஒருநாள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நல்லாருக்கு" என்றார்.

"என்னத்தை முணுமுணுக்கிறீங்க? மனசுல இருக்கறதை வாய் விட்டுச் சொல்லுங்களேன்."

"நல்லாருக்குன்னுதாம்மா சொன்னேன்."

"அதை ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுச் சொல்றீங்க?"

"என் மூஞ்சிக்கு என்ன?" என்று கேட்டார் அவர். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அவளுக்கு அது வேண்டுமென்றே கேட்ட மாதிரி இருந்தது.

நாலாவது ஞாயிறு அடக்கமாட்டாமல் கேட்டே விட்டாள். "அந்த ஹெட்மாஸ்டர் வேலை போனதுக்கு என்மேல வருத்தம் இருக்கா?"

"அடப் போம்மா, அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு" என்றார். வாய் அப்படிச் சொல்லியது. முகம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டில் எதை நம்புவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. முகத்தை நம்பித்தானே இத்தனை வருஷம் பிழைத்தாள்.

ஆறாவது ஞாயிறு படம் முடிந்தது. அவள் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம், அந்தப் பாவத்தை என்ன சொல்ல. கேன்வாஸைத் திருப்பி அவருக்குக் காட்டினாள். அவர் வெகுநேரம் நின்று பார்த்தார்.

"இப்படியா நான் உன்னைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்?"

"நான் கண்டதைத்தான் வரைவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

அவர் நேரே போய் வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நின்றார். தண்ணீர் விடுகிற சத்தம் கேட்கவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கே இவள் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோ அறைக்கு வந்துவிட்டாள். இனிமேல் இந்த வீட்டில் தனக்கு ஒரு ஓரம் போதும் என்று முடிவு கட்டி, வீம்பாக அழுதாள்.

புதன்கிழமை நாத்தனார் வந்தாள். அவருடைய தங்கை, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணனைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவர் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை. படத்தைப் பார்த்து ஆகா ஓகோ என்பாள் என்று இவள் நினைத்தாள். நாத்தனார் கிட்டே போய்க் கண்களையே பார்த்தாள்.

"அண்ணி, உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் இப்படியேதான் இருந்தாரா?"

"இப்படியேதான். அதுல ஒண்ணும் குறையில்லை. இமைக்கக்கூட மாட்டார். இந்த மாதிரி ஆள் கிடைச்சா எங்களுக்கு வேலை சுலபம்."

"இமைக்கிறதே இல்லையா?"

"எப்பவாவது."

"குரல் தணிஞ்சிருக்கா? நடக்கும்போது ரெண்டு கையும் வீசுறாரா?"

லைட்டம்மா யோசித்தாள். வலது கை ஒட்டினாற்போல் தொங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். சலிப்பில் நடக்கிற நடை என்று அதற்கும் அர்த்தம் பண்ணி வைத்திருந்தாள். நாத்தனார் படத்தைவிட்டு இவள் பக்கம் திரும்பி, "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க அண்ணி" என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரை நடக்கச் சொன்னாள், விரலைத் தட்டச் சொன்னாள், காகிதத்தில் ஒரு வரி எழுதச் சொன்னாள். எழுத்து போகப்போகச் சிறுத்துக் கடைசி வார்த்தை புள்ளியாகிவிட்டது. "போர்டுல எழுதறது தெரியலைன்னு பிள்ளைங்க கொஞ்ச நாளா சொல்லுதுங்க" என்றார் அவர்.

டாக்டரம்மா ஒரு நோயின் பெயரைச் சொன்னாள். மருந்து இருக்கிறது, கட்டுக்குள் வைக்கலாம், முழுக்கக் குணமாகாது என்றாள். பிறகு லைட்டம்மாவைப் பார்த்து விளக்கினாள். "மூளை அனுப்புற உத்தரவு தசைக்குச் சரியா போய்ச் சேரலை. உள்ள சிரிப்பு வரும், துக்கம் வரும், முகத்துக்கு மட்டும் வராது. வீட்டுல இருக்கறவங்க பாசம் போயிடுச்சுன்னு தப்பா நினைச்சுக்குவாங்க. நீங்க அப்படி நினைச்சிடாதீங்க."

லைட்டம்மாவுக்குத் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே ஸ்டூடியோவுக்குப் போய், படத்து வண்ணத்தைச் சுரண்டுகிற கத்தியை எடுத்தாள். அவர் பின்னாலேயே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. நல்லா வரைஞ்சிருக்கே. அதை ஏன் கெடுக்கிறே?"

"பாவி நான். ஆறு வாரமா உங்களைக் கரிச்சுக் கொட்டியிருக்கேன்."

அவர் மெதுவாக நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. இவள் எதிரே நின்று, இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் இருந்த யாரிடமும் கேட்டிராததைக் கேட்டாள்.

"அத்தனை ஞாயித்துக்கிழமையும் உங்க மனசுல என்னங்க ஓடிச்சு?"

"உன்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். வரையறப்போ நீ நாக்கை ஒரு பக்கமா துருத்திக்குவே. சின்னப் புள்ளை பரீட்சை எழுதற மாதிரி. அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "உனக்குத் தெரியுதுன்னுதான் நினைச்சேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவர் இடது கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அழுகை ஓய்ந்து நிமிர்ந்து பார்த்தாள். படத்தில் இருந்த அதே முகம், ஒரு கோடு கூடவில்லை, குறையவில்லை.

"இப்பவும் சிரிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றார் அவர். "இப்ப பயமா இருக்கு."