நாற்பத்தேழாம் சரணம்

கல்யாண வீட்டு ஆட்ட வளையத்தைப் பாதியில் அறுத்தவள் நான்தான். ஊர் இன்னும் சொல்லிக்காட்டுகிறது. காட்டட்டும். எனக்கு அதில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

வடகடலில் இருக்கிற எங்கள் ஃபாரோ தீவுகளில் ஆட்டம் என்றால் வளையம்தான். வாத்தியம் கிடையாது. கைகோத்து நின்று, இடப்பக்கம் இரண்டு எட்டு, திரும்ப ஒரு எட்டு. மரத்தரையை மிதிக்கிற சத்தமே தாளம். ஒருவர் பழைய கதைப்பாட்டைச் சரணம் சரணமாக எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்வோம். நடுவில் யார் வேண்டுமானாலும் வந்து கோத்துக்கொள்ளலாம், போகலாம். எடுத்துக்கொடுப்பவரை மட்டும் யாரும் வெளியே இழுப்பதில்லை. எங்கள் ஊரில் இருபத்தாறு வருஷமாக எடுத்துக்கொடுப்பவர் என் வீட்டுக்காரர் ஹானுஸ். நூற்றுநான்கு சரணம், தாளைப் பார்க்காமல்.

போன ஜூன் மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். சாப்பாடு முடிந்து மாலை ஆறு மணிக்கு வளையம் கோத்தோம். வழக்கம்போல நான் ஹானுஸின் வலப்பக்கம். அவருடைய வலது கை என் இடது கையில். நாற்பத்தாறு சரணம் தடங்கலே இல்லாமல் ஓடியது. அப்புறம் அந்தக் கை தளர்ந்தது. கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை, பிடித்தால் என் விரல் நோகும் கை, ஈரத்துணி மாதிரி கிடந்தது. வலது கால் தரையில் இழுபட்டது. நாற்பத்தேழாம் சரணத்தில் அரசன் குதிரை ஏற வேண்டும். ஹானுஸ் குதிரையைக் கடலில் இறக்கி, கடலைத் தூக்கி அடுப்பில் வைத்தார். அதற்குமேல் வந்ததெல்லாம் வெறும் சத்தம்.

எண்பது பேரும் அதையே பாடினார்கள். எங்கள் ஊரில் மட்டும்தான் இந்தக் கூத்து நடக்கும். எடுத்துக்கொடுப்பவர் வாயில் வருவதுதான் பாட்டு. அவர் உளறினால் ஊரே உளறும். கடல் அடுப்பில் கொதித்தது என்று பாதிரியார் பாடினார், மணப்பெண்ணும் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

நான் அவரை வளையத்திலிருந்து வெளியே இழுத்து நாற்காலியில் உட்கார்த்தினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு இருபத்தைந்து. நான் வேலை செய்கிற மீன் ஆலைக்கு மார்ச் மாதம் ஒரு நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்திருந்தாள்: முகத்தைப் பார், கையைப் பார், பேச்சைக் கேள், மணியைக் குறித்துக்கொள்.

"ஹானுஸ், எங்க, சிரி பாப்போம்."

சிரி என்று சொல்லி முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் சிரித்ததில்லை. அன்றைக்கு முயன்றார். இடப்பக்க உதடு மட்டும் ஏறியது. வலப்பக்கம் தொங்கிக் கிடந்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். வலது கை மடியிலேயே விழுந்தது.

அவருடைய தம்பி எய்டுன் ஓடி வந்தான். "என்ன அண்ணி இது, கல்யாண வீட்ல பாட்டை அறுத்துட்டீங்க? அண்ணன் ஒரு வாய் கூடப் போட்டிருப்பாரு, வெளிய காத்தாட உக்காந்தா சரியாயிடும்."

"அவரு குடிச்சது ரெண்டு காப்பி. அவசர நம்பருக்குப் போன் போடு. பக்கவாதம்னு சொல்லு, ஆறு இருபத்தஞ்சுன்னு சொல்லு."

"நான் அத சாண்டோய் தீவுப் பாட்டுன்னு நெனச்சேன் அண்ணி. அவங்கதான் வாய்க்கு வந்தத மாத்திப் பாடுவாங்க."

"போன் போடுறியா, இல்ல சாண்டோய்க்கு நீந்திப் போறியா?"

யாரோ பிராந்தி கொண்டுவந்தார்கள். வாயில் ஒரு சொட்டு ஊற்றினாலும் கையை உடைப்பேன் என்றேன். ஹெலிகாப்டர் கால்பந்து மைதானத்தில் இறங்கியது. தலைநகர் டோர்ஸ்ஹவுன் ஆஸ்பத்திரியில் தலையைப் படம் பிடித்து, மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியாமலே நிறைய பேர் வர்றாங்க. நீங்க நிமிஷத்தோட சொன்னீங்க," என்றார் டாக்டர். அதை நான் ஊரில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

ஊசியை நேரத்துக்குப் போட்டதில் உயிர் பிழைத்தது. வலப்பக்கமும் பேச்சும் போயிருந்தன. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "வடக்கே." காப்பி வேண்டும் என்றாலும் வடக்கே, கால் வலித்தாலும் வடக்கே, என்னைக் கூப்பிட்டாலும் வடக்கே. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில்தான் வராது. அதனால் வந்த கோபத்தில் ஒருநாள் இடது கையால் தட்டை வீசினார்.

எனக்கும் கோபம் வந்தது, வேறு காரணத்துக்கு. படகுக் கொட்டகையில் பழைய வலைக்கு அடியில் ரத்த அழுத்த மாத்திரை ஐந்து டப்பா, பிரிக்காமல் இருந்தன. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று குளிர்காலத்திலேயே விட்டுவிட்டிருக்கிறார். டப்பாக்களை அவர் மடியில் கொட்டினேன்.

"கொதிப்பு சொல்லிட்டா வரும்? நல்லா இருக்கறப்பவே திங்கறதுக்குத்தான்யா மாத்திரை."

"வடக்கே," என்றார், தலையைக் குனிந்துகொண்டு. அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. காலையில் அவரே டப்பாவை எடுத்து என் முன்னால் நீட்டுவார்.

பேச்சுப் பயிற்சிக்கு ரன்வா என்ற பெண் வந்தாள். ஒரு மாதம் படம் படமாகக் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. நான் பொறுமையிழந்து தரையை மிதித்து முதல் சரணத்தை எடுத்தேன். இரண்டாம் வரியை ஹானுஸ் பாடினார். முழுசாக, ஒரு சொல் பிசகாமல். ரன்வா கையிலிருந்த படங்களைக் கீழே வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சிலருக்குப் பேச்சு போனாலும் பாட்டு நிக்கும்," என்றாள் ரன்வா. "அதப் புடிச்சே பேச்சை இழுக்கப் பாக்கலாம். எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது."

குளிர்காலம் முழுக்கக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடந்தோம், எட்டுக்கு எட்டு பாட்டோடு. மெட்டுப் போட்டு "காப்பி கொடு" வந்தது. பிறகு மெட்டில்லாமலே வந்தது. என் பெயர் சோல்வா, பிப்ரவரியில் வந்தது. காலும் தேறியது. பாட்டு மட்டும் தினமும் நாற்பத்தேழில் நின்றது. அங்கே வந்ததும் அவர் முகம் வெளுக்கும்.

இந்த ஜூலை ஊர்த் திருவிழாவுக்கு முன்னால் எய்டுன் வந்தான். "அண்ணே, இந்தத் தடவை நான் எடுத்துக்கொடுக்கறேன். நீ பெஞ்சில உக்காந்து கேளு. யாரும் தப்பா நெனக்க மாட்டாங்க."

ஹானுஸ் எழுந்து போய்த் ஆட்டத்துக்குப் போடுகிற தன் வெள்ளிப் பொத்தான் சட்டையை எடுத்துவந்து நாற்காலியில் மாட்டினார்.

திருவிழா அன்றைக்கு வளையத்தில் நூறு பேருக்குக் குறையாது. அவர் வலது கை என் இடது கையில். நாற்பத்தாறு சரணம் சரியாகப் போனது. அப்புறம் நின்றது.

பாட்டு நின்றாலும் வளையம் நிற்காது. எல்லோரும் மிதித்துக்கொண்டே இருந்தோம். நூறு ஜோடிக் காலும் தரையை அடித்தன. ஒரு வாயும் திறக்கவில்லை. சரணம் என் நாக்கு நுனியில் நின்றது. எடுத்துக்கொடுத்திருந்தால் பாட்டு பிழைத்திருக்கும், அவர் இனிமேல் பெஞ்சுதான். உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஒரு சுற்று, இரண்டாவது சுற்று. எய்டுன் கண்ணிலிருந்து நீர் ஓடியது.

அந்தக் கை என் கையை இறுக்கியது. விரல் நோகும்படி இறுக்கியது. அரசன் குதிரை ஏறினான்.

நூற்றுநான்கும் முடிந்தது. எய்டுன் அண்ணனைக் கட்டிக்கொண்டு, "ரெண்டு சுத்து சும்மாவே மிதிக்க வெச்சிட்டியே, அதுவும் சாண்டோய்ப் பாட்டா?" என்றான்.

ஹானுஸ் அவனைப் பார்த்தார். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. ஒவ்வொரு சொல்லாக, மெட்டே இல்லாமல் சொன்னார்:

"இல்ல. இது... நம்ம... பாட்டு."