பதினோராவது ஆள்

என் புருஷன் ரெமுஸ் கோல்கீப்பர். அந்த வார்த்தையைக் கேட்டாலே அப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ருமேனியாவில் எங்கள் ஊர் திமிஷோராவின் ரயில்வே பட்டறையில் பெட்டிகளுக்கு வண்ணம் அடிக்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் கம்பளிச் சட்டையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு ஊரான் காலடியில் தலையைக் கொடுக்கக் கிளம்பிவிடுவான். பந்தைப் பிடித்தவனை இடித்துத் தள்ளுவது அந்தக் காலத்தில் குற்றமே இல்லை. ஒன்பது வருஷத்தில் இரண்டு விலா, மூக்கு, நான்கு விரல். அத்தனைக்கும் ஒத்தடம் கொடுத்தவள் நான்.

"விட்டுத் தொலையேன்யா இந்தக் கண்றாவியை" என்பேன்.

"ஒரே ஒரு தடவை நாட்டு அணிக்கு நின்னுடறேன் சிதோ. அப்புறம் நீ சொல்றதுதான்" என்று சிரிப்பான். முன்பல் ஒன்று இல்லாத அந்தச் சிரிப்பைப் பார்த்தால் என் கோபம் இறங்கிவிடும், வெட்கக்கேடு.

1926 மே மாதம் அந்தத் தடவை வந்தது. நாட்டு அணிக்கு ஆள் பொறுக்கத் தலைநகர் புக்கரெஸ்டிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்தார். எங்கள் பட்டறை அணிக்கும் மில்காரர்கள் அணிக்கும் ஆட்டம். நான் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் நின்றேன். பக்கத்தில் கசாப்புக்கடைக்காரர் பெண்டாட்டி ஒத்தீலியா, மடி நிறையப் பூசணி விதையோடு.

முதல் பாதியில் ரெமுஸ் பிடித்த பிடியை என்னவென்று சொல்ல! மூன்று பந்து. மூன்றும் கோல் என்று ஊரே கத்திய பிறகு அவன் கையில் இருந்தது. தேர்வாளர் நோட்டை எடுத்து ஏதோ எழுதியதை நானே பார்த்தேன். வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

இரண்டாம் பாதி தொடங்கியதும் ரெமுஸ் மில்காரன் ஒருவனின் காலடியில் பாய்ந்தான். பூட்ஸ் காதுக்கு மேலே பட்டது. அந்தப் பையன் வேண்டுமென்று செய்யவில்லை, பாவம், பக்கத்தில் மண்டியிட்டு அழுதான். ரெமுஸ் எழுந்து உட்கார்ந்தான். ரத்தம்கூட இல்லை.

மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அப்போது கிடையாது. ஒருவன் வெளியேறினால் மிச்சம் பத்துப் பேர்தான். அணித்தலைவன் என் தம்பி கோர்னெல். அவன் ரெமுஸின் கம்பளிச் சட்டையைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டு கோலுக்குப் போனான்.

"மாமா, நீங்க அந்த ஓரத்துல சும்மா நில்லுங்க. பதினோரு தலை இருந்தாப் போதும்" என்றான். அடிபட்ட கோல்கீப்பரை அப்படி நிறுத்துவது எல்லா அணியிலும் நடப்பதுதான்.

நான் நின்றதும் அந்த ஓரத்தில்தான். ரெமுஸ் கயிற்றருகே வந்தான்.

"சிதோ, தலை ரொம்ப வலிக்குது. பந்து ரெண்டு ரெண்டா தெரியுது. வெளிய வந்துடட்டுமா?"

வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் ஒத்தீலியா விதைத் தோலைத் துப்பிவிட்டு, "என்னடி, உன் சிங்கத்துக்கு ஒரு உதைக்கே ஜுரம் வந்துடுச்சா? புக்கரெஸ்ட் துரை பாத்துக்கிட்டிருக்காருடி!" என்றாள். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "போய் நில்லுய்யா! இன்னும் அரை மணி நேரந்தானே. என் மானத்தை வாங்காதே!" என்று கத்தினேன்.

ரெமுஸ் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. "சரி" என்று திரும்பிப் போய் நின்றான்.

பந்து இரண்டு முறை அவனைத் தாண்டிப் போனது. அவன் அசையவில்லை. ஜனம் சிரித்தது. முன்பே போட்டிருந்த ஒரு கோலை வைத்து நாங்கள் ஜெயித்தோம். எல்லோரும் கோர்னெலைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். நான் கயிற்றைத் தாண்டி ஓடியபோது ரெமுஸ் நின்ற இடத்திலேயே முழங்காலிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். என் பெயரைச் சொல்லப் பார்த்தான். நாக்கு புரளவில்லை.

தேர்வாளர் ஓடி வந்தார். "இவர் பேரை முதல் பாதியிலேயே எழுதிட்டேனேம்மா! அப்புறமும் ஏன் நிக்க வெச்சீங்க?" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி பேகா ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் என் மடியிலேயே அவன் மூச்சு அடங்கிவிட்டது. பாவி நான், அப்போதுதான் "வந்துடுய்யா, வந்துடு" என்று கதறினேன்.

செவ்வாய்க்கிழமை பட்டறையையே மூடிவிட்டுக் கல்லறைக்கு வந்தார்கள். பாதிரியார் தூபம் காட்டி முடித்ததும் கோர்னெல் குழியருகே நின்று பேசினான். "வெளிய வாங்க மாமான்னு எத்தனை தடவை கெஞ்சினோம்! உயிரே போனாலும் அணியை விட்டு வரமாட்டேன்னுட்டாரு."

பச்சைப் பொய். தானும் நிறுத்தி வைத்தவன்தானே, அதை எப்படித் தாங்குவான்? ஆனால் கூட்டம் மொத்தமும் விம்மியது. ஒத்தீலியாகூட என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"அக்கா அங்கதான் நின்னா. அவளையே கேளுங்க" என்றான் கோர்னெல்.

முந்நூறு முகம் என்னைத் திரும்பிப் பார்த்தது. எவனுக்கும் பயப்படாதவள், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுபவள் என்று ஊரில் எனக்குப் பெயர்.

"ஆமா" என்றேன். "நான் கூப்பிட்டேன். அவருதான் வரலை."