எர்த்து இல்லாத வரிசை

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. எம். புதுப்பட்டிக்குத் தெற்கே, ஒரு காலத்தில் பருத்தியும் கம்பும் விளைந்த கரிசலில் இப்போது கண்ணாடி விளைந்து கிடந்தது. வரிசை வரிசையாகச் சோலார் பேனல்கள். அவற்றுக்கு நடுவே பாண்டிச்செல்வியும் மற்றப் பெண்களும் ரப்பர் டியூபைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். நனைந்த கரிசல் காலை விடாது. ஒரு அடி எடுத்து வைத்தால் பாதத்தோடு பாதி மண்ணும் எழும்பி வரும். தண்ணீரைப் பீய்ச்சி, நீளக் கம்பில் கட்டிய துணியால் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். அழுக்குத் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி ரவிக்கையை நனைக்கும். எல்லாம் வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். சூடேறிய கண்ணாடியில் பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். கண்ணாடி விரிசல் விட்டால் கம்பெனியே எழுந்து ஓடி வரும். மனுசி விழுந்தால் யார் ஓடி வருவார்கள் என்பது முந்தாநாள் தெரிந்துபோயிற்று.

முந்தாநாள் விழுந்தவள் மாரிசெல்வி.

இந்தப் பெண்கள் எல்லாரும் பயராபீசில் வளர்ந்தவர்கள். நாரணாபுரத்தில் இந்தச் சோலார் முதலாளி முத்துக்கிருஷ்ணனின் தகப்பனார் நடத்திய பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்திய கைகள். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. அறைக்குள் ஏறுமுன் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட வேண்டும். வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் தேங்கிய கரண்டு தரைக்குள் இறங்கட்டும், மருந்தில் பொறி பட்டுவிடக் கூடாது என்பதற்காக. மறந்துபோய் ஏறியவளைப் பெரிய முதலாளி கண்டுவிட்டால் அன்றைக்கு அவளுக்கு வேலை கிடையாது. ஆண்டுக்கணக்கில் தொட்டுத் தொட்டு, அது கும்பிடுவதைப் போலக் கையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஆகிவிட்டது.

ஆர்டர் குறைந்து, சீசன் செத்து, பயராபீசைச் சாத்தியபோது மகன் முத்துக்கிருஷ்ணன் சூரியனைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். நிலம் மலிவு, வெயில் இலவசம், வேலை போன பெண்களோ வாசலிலேயே நின்றார்கள். அவர்கள் சோலாருக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று, முதல் வரிசையின் இரும்புக் காலை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் கம்பை எடுப்பார்கள். இஞ்சினியர் விக்னேஷ்குமார் அதைத் தினமும் பார்த்தான். "என்ன, சாமி கும்பிட்டாச்சா?" என்று சிரித்துவிட்டுப் போவான். தொடாதீர்கள் என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை.

முந்தாநாள் பம்பு பழுதாகி, வேலை ஆரம்பிக்க நேரமாகிவிட்டது. விடியுமுன் பேனலில் கரண்டு ஊறாது; அன்றைக்கோ நல்ல வெயில். மாரிசெல்வி முன்னால் போய் இரும்பைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்க முடியவில்லை. வாய் கோணி, உடம்பு வெட்டி, பாண்டிச்செல்வி கையிலிருந்த மூங்கில் கம்பால் ஓங்கி அடித்துப் பிரித்த பிறகுதான் சேற்றில் விழுந்தாள். உள்ளங்கை வெந்து தோல் சுருண்டிருந்தது. கம்பெனி வேனைக் கேட்டார்கள். வாசலுக்கு வளைவு கட்ட மூங்கில் ஏற்றப் போயிருக்கிறது என்று பதில் வந்தது. கடைசியில் கருவேல விறகு ஏற்றிப்போன லோடு ஆட்டோவில் போட்டுத்தான் சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விரல் மடங்குமா மடங்காதா என்று இன்னும் சொல்ல முடியவில்லையாம்.

சரி, மூங்கில் வளைவு எதற்கு என்கிறீர்களா? முதலாளிக்கு விருதல்லவா! 'பசுமைச் சூரியன் சாதனையாளர் விருது'. தென்மண்டலத் தொழில் மேன்மைப் பேரவை என்று ஒன்று. அதற்கு ஆபீசு இருக்கிறதோ இல்லையோ, வருசா வருசம் ஓட்டலில் மேடை போட்டு, பூமியைக் காப்பாற்றியவர்களுக்குக் கண்ணாடிக் கட்டி ஒன்றைக் கொடுக்கும். மேடைச் செலவைப் பூமியைக் காப்பாற்றியவர்களே ஏற்றுக்கொள்வார்கள். விருதுக்கான காரணங்களைச் சிவகாசி அச்சாபீசில் ஆளுயரத் தட்டியாக அடித்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அதில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அவருக்குக் கீழே பச்சை எழுத்து: 'புகையில்லா மின்சாரம்! விபத்தில்லா நிறுவனம்!'

பாண்டிச்செல்வி அந்தத் தட்டிக்கு முதுகைக் காட்டியே கண்ணாடி கழுவினாள்.

வெளிச்சம் வந்து வெகுநேரம் கழித்து வெள்ளைக் கார் வந்தது. பின்னாலேயே படம் எடுக்கிறவர்களின் வேன். ராத்திரி மேடையில் காட்ட ஒரு சின்னப் படம் வேண்டுமாம். ஸ்டோரிலிருந்து மூட்டையை அவிழ்த்து ரப்பர் பூட்சையும் கையுறையையும் கொட்டினார்கள். போன மாதம் போட்டோ எடுத்த அன்றைக்கும் இதே பூட்சு வந்தது. போட்டோ முடிந்ததும் கழுவித் துடைத்து மறுபடியும் ஸ்டோருக்கே போய்விட்டது. சேறு பட்டால் வீணாகிவிடுமாம். பூட்சு என்றால் வேறு எதற்கு என்று பாண்டிச்செல்விக்கு அன்றைக்கே கேட்கத் தோன்றியது.

முத்துக்கிருஷ்ணன் வெள்ளைச் சட்டையில் கரிசல் தெறிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார்.

"வாங்கம்மா, எல்லாரும் வாங்க. பூட்ஸைப் போடுங்க. முதல் வரிசைக்கு முன்னால நிக்கணும். பாண்டிச்செல்வி, நீதான் பேசணும். எங்க மொதலாளி எங்களைக் குடும்பம் மாதிரி வச்சிருக்காரு, இங்கன ஒரு சின்ன விபத்துகூட நடந்ததில்லைன்னு சொல்லு. மத்தவுக கைதட்டுனாப் போதும்."

"மாரிசெல்விக்கு என்ன ஆச்சு மொதலாளி?"

"அதுக்கென்ன, பாத்துக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவு என்னோடது. நான் அம்புட்டு ஈவு இரக்கம் இல்லாதவனா? ஆனா வீட்டுல ஹீட்டரைத் தொட்டுட்டான்னு சொல்லணும். போலீசு, கேசுன்னு போனா அவளுக்குத்தான் அலைச்சல்."

"அவ வீட்டுல ஹீட்டரா?" சின்னத்தாய் பின்னாலிருந்து கேட்டாள். "அவ வீட்டுல சுடுதண்ணி வேணும்னா விறகுதான் மொதலாளி பொறுக்கணும்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளியின் முகம் இறுகியது.

"இங்க பாருங்க. கரண்டு இருக்கிற எடத்துல இரும்பை யாரு தொடச் சொன்னா? அறிவு வேண்டாமா? நீங்க மடத்தனமா எதையாவது தொட்டுட்டு, பழியை எந்தலையில போடுவீகளா?"

பாண்டிச்செல்விக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. இந்த வேலையும் போனால் அடுப்பு எரியாது என்பது அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து அதைத்தான் நினைத்து நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஆனால் ஹீட்டர் என்று சொல்லிவிட்டால் மாரிசெல்விக்கு நாளைக்கு ஒரு நாதியும் இல்லை. கை போனதும் போய், கம்பெனியில் போகவில்லை என்றும் ஆகிவிடும். நாளைக்குச் சின்னத்தாய் தொடுவாள். மறுநாள் வேறொருத்தி.

"யாரு தொடச் சொன்னாவா?" என்றாள். "ஒங்க அப்பா சொன்னாரு மொதலாளி. நாரணாபுரத்துல வாசப்படி ஏறும்போதெல்லாம் தொடச் சொல்லிப் பழக்குனது அவருதான். செருப்பைக் கழட்டச் சொன்னதும் அவருதான். அங்கன தொடாட்டி சாவோம்னு சொன்னாரு. இங்கன தொட்டா சாவோம்னு சொல்ல ஒங்களுக்கு வாய் வரலையே!"

"அடேயப்பா, பேச்சைப் பாரு! இரும்புல ஒண்ணும் இல்லைங்கறேன். அவளுக்கு வலிப்பு கிலிப்பு வந்திருக்கும்."

"ஒண்ணும் இல்லையா?"

"இல்லைன்னு சொல்றேன்ல?"

"அப்பஞ் சரி." பாண்டிச்செல்வி கையுறையைக் கீழே போட்டாள். "நீங்க வாங்க. செருப்பைக் கழட்டிட்டு, இந்த ஈரத்துல நின்னு, அந்தக் காலை ஒரு தடவை தொட்டுக் காட்டுங்க. நீங்க சொன்னதை ஒரு எழுத்து விடாம நான் பேசுறேன். இம்புட்டு பேரும் கை வலிக்கக் கைதட்டுறோம்."

படக்காரன் கேமராவைத் தாழ்த்தவில்லை. அவனுக்கு எல்லாமே படம்தான். முதலாளி கேமராவைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். தட்டியில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தன்னையும் ஒரு தடவை பார்த்திருப்பார். வருசம் முழுக்கக் கைதட்டல் கேட்டுக் கேட்டு, சாதனையாளருக்குத் தான் சொல்வதெல்லாம் நிசம் என்கிற நினைப்பு வந்துவிட்டது. பொம்பளைகளுக்கு முன்னால் பின்வாங்குவதா?

"இவ்வளவுதானே?" என்று ஷூவைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். வெள்ளைப் பாதம் சேற்றில் புதைய ரெண்டு எட்டு வைத்து, கையை நீட்டினார்.

பாண்டிச்செல்வி இதை எதிர்பார்க்கவில்லை. பாவி மனுசன் நிசமாகவே தொடப் போகிறாரே! என்ன இருந்தாலும் ஒரு உயிர் இல்லையா? தடுக்கலாம் என்று அவள் கால் எடுத்து வைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"சார்! தொடாதீங்க சார்! அந்த வரிசைக்கு எர்த்து இல்ல!"

விக்னேஷ்குமார் தலைதெறிக்க ஓடி வந்து முதலாளியின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். முதலாளி சேற்றில் மல்லாக்க விழுந்தார்.

டியூபிலிருந்து தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தது.

"எர்த்து இல்லைன்னா என்ன தம்பி?" என்று சின்னத்தாய் மெதுவாகக் கேட்டாள்.

விக்னேஷ்குமாருக்கு மூச்சு வாங்கியது. "கரண்டு கசிஞ்சா மண்ணுக்குள்ள இறக்குற செம்புக் கம்பிதான்க்கா எர்த்து. இந்த வரிசைக்குப் போடவே இல்ல. ஆரம்பத்துலயே சொன்னேன். திறப்பு விழா முடியட்டும்னாரு. அப்புறம் விருது முடியட்டும்னாரு."

"ஏலே, வாயை மூடுலே!" சேற்றில் இருந்தபடியே கத்தினார் முத்துக்கிருஷ்ணன். "கேமராவை நிறுத்துங்கய்யா! நாளைக்கு எவளும் வேலைக்கு வர வேண்டாம். ராஜபாளையத்துல இருந்து ஆள் எறக்கிக்கிறேன்."

"எறக்குங்க," என்றாள் பாண்டிச்செல்வி. "அவுகளும் எங்களை மாதிரி வெறுங்காலோடதான் வருவாக. கேட்டுலயே நின்னு ஒவ்வொருத்தருக்கும் சொல்லுவோம்."

அவள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திருகி அடைத்தாள். ஒவ்வொருத்தியாகக் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு வெளியே நடந்தார்கள். பூட்சை ஒருத்தியும் தொடவில்லை. கேட்டில் நின்ற காவல்காரன் ஊர்க்காவலன் யாரும் கேட்காமலே விரியத் திறந்துவிட்டான். "நானும் அந்தப் பயராபீசுல தகடு தொட்டவன்தான் தாயி," என்று சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றி வளைவு மூங்கிலில் மாட்டிவிட்டு அவர்களோடு நடந்தான். உள்ளே, பாதி கழுவிய கண்ணாடிகளில் சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. ராத்திரி மேடையில் கண்ணாடிக் கட்டியை எப்படியும் கொடுப்பார்கள். சேற்றுச் சட்டையை மாற்றிக்கொண்டு அவரும் எப்படியும் வாங்குவார். அந்தக் கைகளுக்கு வெட்கம் ஏது?

ஆஸ்பத்திரியில் மாரிசெல்வி கட்டுப் போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். கட்டிலைச் சுற்றிக் கரிசல் அப்பிய கால்களோடு எல்லாரும் நின்றார்கள். நடந்ததைப் பாண்டிச்செல்வி சொன்னாள். முதலாளி மல்லாக்க விழுந்ததைச் சின்னத்தாய் நடித்தே காட்டினாள். பக்கத்துக் கட்டில்காரி கூடச் சிரித்தாள். மாரிசெல்வி சிரிக்கவில்லை.

"இஞ்சினியரு கத்துனாராக்கா?"

"ஆமா புள்ள. தொடாதீங்கன்னு அப்படி ஒரு கத்து."

மாரிசெல்வி தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"எனக்கு யாரும் கத்தலையேக்கா."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பாண்டிச்செல்வி கட்டிலில் உட்கார்ந்து அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.  

"இனிமே நாங்க கத்துவோம்டி," என்றாள். "நாளைக்கு விடியக் காலையில கேட்டுல நின்னு கத்துவோம். வார ஆளுக எல்லாருக்கும் காது கேக்கும்படியாக் கத்துவோம். ஓங் கை எங்கன வெந்துச்சுன்னு அந்தத் தட்டிக்குக் கீழ நின்னு கத்துவோம்."

"பக்கத்துச் சோலார்லயும் நம்ம விஸ்வநத்தத்துப் பிள்ளைகதான் கழுவுது," என்றாள் சின்னத்தாய். "அவுக வரிசைக்கு எர்த்து இருக்கான்னு யாரு கண்டா? அவுகளையும் கூப்பிடணும்."

"நான் போய்ச் சொல்றேன்," என்றான் ஊர்க்காவலன்.

மாரிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட கையை ஊன்றாமல் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர் விட்டா நானும் வாரேன்க்கா. கையைத் தூக்கிக் காட்டத்தானே வேணும்? அதுக்கு விரல் மடங்கணும்னு இல்லையே."